வெள்ளம் வடிந்த பின்னர் வரும் துயரம்

(செம்பனைத் தோட்டமொன்றின் ஆலய மண்டபத்தில், ஆண்டு இறுதி மழைக்கு முன்னதாகக் கூடிய தோட்ட மக்கள் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மழைக்காலம் நெருங்கும்பொழுது தோட்டங்களுக்கு வந்து பேசுகின்றவர்கள் எதைப் பற்றிப் பேசுவார்கள் என்பதை நீங்கள் நன்கு அறிவீர்கள். பத்திரங்களைப் பிளாஸ்டிக் பையில் கட்டி உயரத்தில் வையுங்கள், மின்சார விசையை அடையுங்கள், பிள்ளைகளை ஆற்றோரம் விடாதீர்கள் என்பார்கள். அவை யாவும் வேண்டிய அறிவுரைகளே. ஆயினும் இன்று நாங்கள் பேச வந்திருப்பது வெள்ளம் வருவதற்கு முன் செய்ய வேண்டியவற்றைப் பற்றி அன்று. வெள்ளம் வடிந்து, சேறு கழுவப்பட்டு, உதவிக்கு வந்தவர்கள் யாவரும் திரும்பிச் சென்ற பிறகு ஒரு வீட்டுக்குள் தங்கிவிடுகின்ற துயரத்தைப் பற்றியே பேச வந்துள்ளோம்.

எங்களைப் பற்றி இரண்டொரு வார்த்தை. நாங்கள் எண்மர் கொண்ட சிறு தொண்டர் குழுவினர். எங்களுள் ஓய்வு பெற்ற தாதி ஒருவர் இருக்கின்றார். பள்ளி ஆசிரியர்கள் இருக்கின்றனர். லாரி ஓட்டுநர் ஒருவரும் இருக்கின்றார். மனநல மருத்துவர் எவரும் இல்லை. ஆகவே மருத்துவர் கூற வேண்டியதை நாங்கள் கூறப் போவதில்லை. பல மாதங்கள் வீடு வீடாக நடந்து கண்டதையும், அதனால் நாங்கள் கற்றுக்கொண்டதையும் மட்டுமே கூறுகின்றோம்.

2021ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாளை உங்களுள் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். வடகிழக்குப் பருவ மழை என்றால் கிளந்தான், திரெங்கானு, பகாங் ஆகிய கிழக்குக் கரை மாநிலங்களைத்தான் நாம் நினைப்பது வழக்கம். அந்த ஆண்டோ, மேற்குக் கரையிலுள்ள சிலாங்கூரில் ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் பெய்தது. கிள்ளான் ஆற்றை ஒட்டிய தாழ்வான பகுதியான ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் கீழ்த்தளங்கள் முழுகின. மக்கள் மேல்மாடிகளிலும் கூரைகளிலும் ஏறி, உணவும் மின்சாரமும் இன்றிப் படகை எதிர்பார்த்துக் காத்திருந்தனர். உலு லங்காட்டிலும், பகாங்கின் மெந்தகாப், பெந்தோங் வட்டாரங்களிலும் பெருஞ்சேதம் நிகழ்ந்தது. நாடு முழுவதும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். புள்ளிவிவர இலாகா பின்னர் வெளியிட்ட கணக்கின்படி மொத்த இழப்பு 610 கோடி வெள்ளி. அதில் குடியிருப்பு வீடுகளின் இழப்பு மட்டும் 160 கோடி வெள்ளி.

இஃது ஏதோ பட்டணத்துக் கதை என்று நீங்கள் கருத வேண்டா. இன்று ஷா ஆலாம் நிற்கின்ற மண்ணே முன்பு தோட்ட மண்தான். ஸ்ரீ மூடாவில் நாங்கள் நுழைந்த வீடுகள் பலவற்றில் பால்மரம் வெட்டியவர்களும், செம்பனைக் குலை அறுத்தவர்களும், அவர்தம் பிள்ளைகளும் இருந்தனர். தோட்டம் துண்டாடப்பட்டபோது கிடைத்த சிறு தொகையையும் சேமிப்பையும் முன்பணமாகக் கட்டி வாங்கிய வீடுகள் அவை. உங்கள் அண்ணன் வீடாகவோ, உங்கள் மகள் வாழ்க்கைப்பட்ட வீடாகவோ அவற்றுள் ஒன்று இருந்திருக்கலாம்.

முதல் இரண்டு வாரங்களில் அவ்விடத்தைப் பார்த்தவர்கள் மனிதரின் நற்குணத்தைப் பற்றி ஐயமே கொள்ள மாட்டார்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்ற வேறுபாடின்றி எங்கெங்கிருந்தோ மக்கள் மண்வெட்டியோடு வந்தனர். குருத்துவாராக்களிலிருந்தும் ஆலயங்களிலிருந்தும் பள்ளிவாசல்களிலிருந்தும் உணவுப் பொட்டலங்கள் வந்தன. வீடுகளைத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவிக் கொடுத்தார்கள். மெத்தையும் அடுப்பும் கூடக் கிடைத்தன. அந்நாட்களில் வீட்டாரின் முகத்தில் களைப்பைக் கண்டோம். துயரத்தை அவ்வளவாகக் காணவில்லை. அதைக் கண்டு, மக்கள் மனத்தைத் தேற்றிக்கொண்டார்கள் என்று நாங்களும் நினைத்தோம். அது எங்கள் தவறு.

மூன்றாம் மாதம் மீண்டும் சென்றோம். அப்பொழுது தெருவில் தொண்டர் எவரும் இல்லை. வீடுகள் சுத்தமாக இருந்தன. சுவரில் தண்ணீர் நின்ற கோடு மட்டும் தெரிந்தது. ஒரு வீட்டில் அறுபது வயது கடந்த அம்மையார் ஒருவர் புதிய நாற்காலியில் அமர்ந்திருந்தார். “என்ன அம்மா, ஏதாவது வேண்டுமா?” என்று கேட்டோம். “எல்லாம் கெடைச்சிருச்சு ஐயா. இனி என்னா வேணும்?” என்றார். மருமகள் எங்களை வெளியே அழைத்து வந்து மெதுவாகச் சொன்னார்: மாமியார் இரவில் உறங்குவதில்லை; இரண்டு கவளத்திற்கு மேல் உண்பதில்லை; மாலையில் விளக்கேற்றுவதையும் விட்டுவிட்டார்.

விளக்கேற்றுவதை ஏன் விட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. அவருடைய கணவர் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அன்னாரின் படம் ஒன்றே ஒன்று; அதுவும் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருந்தது. அந்தப் படத்தின் முன்தான் அவர் நாள்தோறும் விளக்கேற்றுவார். வெள்ளம் அதைச் சேற்றோடு சேர்த்து ஊறப் போட்டது. வீட்டைக் கழுவ வந்த நல்லவர்கள், நனைந்து உப்பிய நாற்காலி மேசைகளோடு அதனையும் வெளியே வாரிக் கொட்டினார்கள். சாலையோரம் மலைபோல் குவிந்திருந்த குப்பையோடு அதுவும் லாரியில் ஏறிச் சென்றது. அந்த அம்மையார் யாரையும் குறை சொல்லவில்லை. உயிரிழந்த வீடுகள் இருக்கும்பொழுது ஒரு படத்திற்காக அழுவது வெட்கம் என்று எண்ணி, எவரிடமும் கூறாமல் மூன்று மாதம் அடக்கி வைத்திருந்தார்.

வெள்ளத்தின் துயரம் பிற துயரங்களினின்றும் வேறுபடுவது இங்கேதான். ஒரு வீட்டில் சாவு நிகழ்ந்தால் நம் மக்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும். ஊர் கூடுகிறது, பெண்கள் கட்டியணைத்து அழுகின்றார்கள், எட்டாம் நாள், பதினாறாம் நாள் எனச் சடங்குகள் நடைபெறுகின்றன, துயரப்பட்டவர் தனியே விடப்படுவதில்லை. அந்த ஏற்பாட்டின் அருமை வெள்ளத்தின் பின்னரே எங்களுக்கு விளங்கிற்று. வெள்ளத்தில் ஒருவர் இறந்தால் உடலைக் கிடத்த வீடில்லை. ஒப்பாரிக்கு வரும் உறவினருக்கு வழியில்லை. சவக்கிடங்கிலிருந்து நேரே சுடுகாட்டிற்குக் கொண்டு செல்ல வேண்டியதாகிறது. பதினாறாம் நாளிலும் குடும்பத்தார் சேறு வாரிக்கொண்டிருக்கின்றனர். அழ வேண்டிய காலத்தில் அழ முடியாமற் போனவர்களுக்கு, பிற்பாடு அழுவதற்கு ஒரு நாளும் ஒரு துணையும் தேவைப்படுகின்றன. அதனால்தான், தள்ளிப்போன சடங்கை மூன்று மாதம் கழித்தாயினும் உறவினரைக் கூட்டிச் செய்யுங்கள் என்று நாங்கள் சில குடும்பங்களுக்குச் சொன்னோம். செய்தார்கள். “இன்றைக்குத்தான் என் அண்ணனுக்காக அழுதேன்” என்று ஒருவர் சொன்னதை நாங்கள் மறக்கவில்லை.

உடல் கிடைக்காத குடும்பங்களின் நிலை இன்னும் கொடியது. விளக்கேற்றவும் மனம் வராது. ஏற்றாமல் இருக்கவும் முடியாது. அவர்களிடம் நம்பிக்கையை விடு என்றோ, விடாதே என்றோ கூற நமக்கு உரிமையில்லை. ஏழாண்டுக் காலம் ஒருவரைப் பற்றிச் செய்தியே இல்லையெனில் அவர் இறந்ததாகக் கொள்ள 1950ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டம் இடமளிக்கின்றது. எனினும், அவ்வளவு காலம் காத்திருந்துதான் தீர வேண்டுமா என்பதை அவரவர் நிலையைப் பொறுத்துச் சட்ட உதவி இலாகாவில் கேட்டறிய வேண்டும்.

இனி, துயரப்பட்டவரிடம் எவ்வாறு பேசுவது? உலகச் சுகாதார நிறுவனம் 2011இல் மனத்துக்கு முதலுதவி செய்வது எப்படி என்று ஒரு கையேடு வெளியிட்டது. அதன் சாரம் மூன்று செயல்களே: பார்ப்பது, கேட்பது, உரிய உதவியோடு சேர்த்து விடுவது. எளியனவாகத் தோன்றும் இம்மூன்றினுள் நாங்கள் மிகவும் தடுமாறியது இரண்டாவதில். ஒருவர் வாயைத் திறந்த உடனே, “எல்லாம் விதி”, “அவன் கொடுத்து வைத்தது அவ்வளவுதான்”, “உயிராவது தப்பியதே, அதற்குச் சந்தோஷப்படு” என்று நாமே பேசத் தொடங்கிவிடுகின்றோம். இச்சொற்களில் தீய எண்ணம் ஒன்றுமில்லை. ஆனால் அவை எதிரில் இருப்பவரின் வாயை மூடிவிடுகின்றன. மறுபுறம், “என்ன நடந்தது? எல்லாவற்றையும் சொல்” என்று கிண்டிக் கிளறுவதும் கூடாது. சொல்ல விரும்புவதைச் சொல்லட்டும். சொல்லாதபோது சேர்ந்து தேநீர் குடித்துவிட்டு வந்தாலும் போதும். “நாளை நான் அந்தப் பக்கம் போகிறேன், உங்களுக்கு மருந்து வாங்கி வரவா?” என்பது நூறு ஆறுதல் மொழிகளுக்கு ஈடாகும்.

பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மழை இரைந்தால் காதைப் பொத்திக்கொள்வதும், பள்ளிப் பையைக் கட்டிக்கொண்டு உறங்குவதும், விட்டுப்போன படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்புவதும் வெள்ளம் கண்ட பிள்ளைகளிடம் வியப்பன்று. அடிப்பதால் அது நிற்காது. பள்ளிக்கு ஒழுங்காகச் செல்வதும், நேரத்திற்கு உண்பதும் உறங்குவதும், மழை பெய்யும்போது பெரியவர் ஒருவர் அருகில் இருப்பதும் பெரும்பாலான பிள்ளைகளைச் சில வாரங்களில் தேற்றிவிடும்.

ஆண்கள் வேறு வகையினர். எங்கள் குழுவிலுள்ள லாரி ஓட்டுநருக்கு நண்பர் ஒருவர். வெள்ளத்தின்போது அண்டை வீட்டுக் கிழவரைத் தோளில் தூக்கிக் காப்பாற்றியவர். தெருவெல்லாம் அவரைப் பாராட்டியது. நான்காம் மாதத்தில் அவர் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். மழை தூறினால் மாடிப்படியில் வந்து உட்கார்ந்துகொள்வார்; கையில் போத்தல் இருக்கும். “தண்ணி அளவ பாத்துக்கிட்டு இருக்கேன்” என்பாராம். குடியைப் பற்றித் தோட்டத்தில் நாங்கள் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் அவரைக் குடிகாரர் என்று ஒதுக்கியவர்கள், அவர் ஏன் படியில் உட்காருகிறார் என்று கேட்கவில்லை. அவரோடு அரசாங்க மருந்தகத்திற்கு நடந்து சென்றவர் எங்கள் ஓட்டுநர். அங்கிருந்து மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். குணமாக ஓராண்டு பிடித்தது.

எது இயல்பான துயரம், எது மருத்துவரிடம் காட்ட வேண்டியது என்று பலர் எங்களைக் கேட்பதுண்டு. உறக்கமின்மை, திடுக்கிடல், அழுகை, கோபம் ஆகியவை முதற் சில வாரங்களில் யாருக்கும் வரும். பெரும்பாலோர்க்குத் தாமாகவே குறையும். ஒரு மாதம் கடந்தும் குறையாமல், வேலையும் உணவும் உறக்கமும் கெடுமாயின் அரசாங்க மருந்தகத்திற்குச் செல்ல வேண்டும். குடிமக்களுக்கு அங்கே வெளிநோயாளர் கட்டணம் ஒரு வெள்ளிதான். அன்புக்குரியவரை இழந்த துக்கம் ஆறு மாதத்திற்கு மேலும் சற்றும் தணியாமல் ஒருவரை முடக்கிப் போடுமானால், அதனைச் சிகிச்சைக்குரிய ஒரு நிலையாகவே உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றைய நோய்ப்பட்டியல் கொள்கின்றது. ஆகவே அது கோழைத்தனமும் அன்று, பேய்க்கோளாறும் அன்று.

வாழ்வதில் பொருளில்லை என்று ஒருவர் சொல்லக் கேட்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555. சமூக நல உதவிக்கான தாலியான் காசே எண் 15999. 1970ஆம் ஆண்டு முதல் இயங்கி வரும் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் அமைப்பின் எண் 03-76272929. அங்கே தமிழ் பேசும் தொண்டர்களும் உண்டு. போலீசுக்குச் செய்தி போய்விடும் என்று முன்பெல்லாம் குடும்பத்தார் அஞ்சி மூடி மறைப்பார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. அந்த அச்சத்திற்கு இப்பொழுது இடமில்லை.

பண உதவியையும் பத்திரங்களையும் பற்றி ஏன் இந்தத் துயரப் பேச்சோடு சேர்த்துப் பேசுகின்றோம் என்று நீங்கள் கேட்கலாம். துயரப்பட்டவரை மேலும் உடைப்பது பல வேளைகளில் முகப்புகளுக்கு அலைகின்ற அலைச்சலே. அடையாளக் கார்டு இல்லாமல் பிறப்புப் பத்திரம் கேட்பதும், பிறப்புப் பத்திரம் இல்லாமல் அடையாளக் கார்டு கேட்பதுமாக ஒரு விதவைத்தாய் நான்கு நாள் வேலையை விட்டு அலைந்ததைக் கண்டோம். ஒரு முகப்பில் கடுஞ்சொல்லும் கேட்டார். அடுத்த நாள் எங்களுள் ஒருவர் உடன் சென்றார். அன்றே காரியம் முடிந்தது. எங்களுக்கு விசேட செல்வாக்கு எதுவுமில்லை. தாள்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தோம். பதற்றமில்லாத ஒருவர் மலாய்மொழியில் பேசினார். அவ்வளவே.

அந்த வரிசை இதுதான். முதலில் போலீஸ் புகார். இழந்த பத்திரங்கள் யாவையும் அதில் ஒவ்வொன்றாக எழுதச் சொல்லுங்கள். அதனைக் கொண்டு தேசியப் பதிவு இலாகாவில் அடையாளக் கார்டும் பிறப்பு, திருமணப் பத்திரங்களும் மீண்டும் பெறலாம். பேரிடரில் இழந்தவற்றுக்கு அவ்விலாகா மாற்றுக் கட்டணத்தை விலக்கித் தருவதுண்டு. அடுத்தது வெள்ள உதவிப் பதிவு. துயர் துடைப்பு மையத்தில் தங்கியவர்களின் பெயர் அங்கேயே ஏறிவிடும். உறவினர் வீட்டுக்குச் சென்று தங்கியவர்கள்தாம் விடுபட்டுப் போகின்றனர். நம் மக்களில் அப்படிப் போகின்றவர்களே அதிகம். அவர்கள் மாவட்ட அலுவலகத்திலோ, சமூக நல இலாகாவிலோ தாமே சென்று பெயர் கொடுக்க வேண்டும். 2021 வெள்ளத்திற்குப் பின் பாதிக்கப்பட்ட குடும்பத் தலைவருக்கு 1,000 வெள்ளியும், உயிரிழந்தவரின் வாரிசுக்கு 10,000 வெள்ளியும் வழங்கப்பட்டன. 2014 கிளந்தான் பெருவெள்ளத்திற்கு அடுத்த ஆண்டு நிறுவப்பட்ட நட்மா என்னும் தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனம் இவ்வேற்பாடுகளைக் கவனிக்கின்றது. தொகையும் விதியும் காலத்திற்கேற்ப மாறும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இறந்தவர் பெர்கேசோவில் சந்தா செலுத்தியவரா, ஊழியர் சேமநிதியில் வாரிசு குறித்திருந்தாரா என்பதையும் தோட்ட அலுவலகத்தில் கிராணியிடம் விசாரியுங்கள். சந்தாவைப் பொறுத்து, மனைவி மக்களுக்கு மாத உதவித்தொகைக்கு உரிமை இருக்கலாம். துக்கத்தில் இருப்பவர் இதைக் கேட்கமாட்டார்; அண்டை வீட்டார் கேட்க வேண்டும்.

மீண்டும் அந்த அம்மையாரிடம் வருவோம். கணவரின் படம் வேறெங்கும் இல்லையென்றே அவர் உறுதியாகச் சொன்னார். அவர்கள் முன்பு வாழ்ந்த தோட்டத்தின் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டோம். எங்களுள் ஒருவர் அங்கு போன சமயம், எஞ்சியிருந்த சில குடும்பங்களில் விசாரித்தார். ஒரு வீட்டுச் சுவரில் பழைய திருவிழாப் படம் ஒன்று மாட்டியிருந்தது. தேரின் வடத்தைப் பிடித்தபடி பத்துப் பதினைந்து பேர். பின்வரிசையில் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு சிரித்தபடி ஒருவர். கைப்பேசியில் படமெடுத்து வந்து அம்மையாரிடம் காட்டினோம். வெகுநேரம் பார்த்தார். பிறகுதான் அழுதார்; மூன்று மாதத்து அழுகை. அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கி அச்சிட்டுக் கொடுத்தோம். முகம் சற்று மங்கல்தான். மறுவாரம் சென்றபோது அதன் முன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதனால் துயரெல்லாம் தீர்ந்தது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. உறக்கத்திற்கு மருத்துவரிடமும் அழைத்துச் சென்றோம். ஆனால் அன்று முதல் அவர் பேசத் தொடங்கினார்.

ஆகையால் வெள்ளம் புகுந்த வீட்டைக் கழுவப் போகின்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வீட்டுப் பெரியவரைக் கேளாமல் ஒரு படத்தையும் வீசாதீர்கள். நனைந்த படங்கள் பல பிழைக்கும். ஒட்டிக்கொண்டவற்றைப் பிய்க்காமல் சுத்தமான குளிர்ந்த நீரில் ஊற விட்டால் தாமே பிரியக்கூடும். படத்தின் முகத்தைத் துணியால் தேய்க்கக் கூடாது; நீரில் அலசி, முகம் மேலாகத் தாளின் மீது நிழலில் உலர்த்த வேண்டும். கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் கண்ணாடியோடே சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். உடனே கவனிக்க நேரமில்லையா? பிளாஸ்டிக் பையிலிட்டுக் குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்துவிடுங்கள். வாரக் கணக்கில் கெடாமலிருக்கும், ஆறுதலாகப் பிறகு பிரிக்கலாம்.

உங்கள் வீடுகளிலும் திருவிழா, கல்யாணம், பள்ளி விளையாட்டுப் போட்டி, தொழிற்சங்கக் கூட்டம் எனப் பழைய கூட்டுப் படங்கள் இருக்கும். அவற்றில் நிற்பவர்கள் பலர் இன்று இல்லை. அவர்களுடைய பிள்ளைகள் எந்தப் பட்டணத்தில் இருக்கின்றார்களோ! இன்று அப்படங்களைக் கைப்பேசியில் பதிவு செய்யும் இளைஞர் இருவரை அழைத்து வந்துள்ளோம். படங்களைச் சட்டத்திலிருந்து கழற்ற வேண்டியதில்லை, வீட்டுக்கே வருவார்கள். நிற்பவர்களின் பெயர் தெரிந்த பெரியவர்கள் அருகில் இருந்து சொல்ல வேண்டும். உதவிப் பதிவுக்கும் பெர்கேசோ விவரத்திற்கும் வந்தவர்கள் மண்டபத்தின் இடப்பக்க மேசைக்கு வரலாம். தாதி அம்மையாரிடம் தனியே பேச விரும்புகின்றவர்களுக்காக ஆலயத்தின் பின்புறமுள்ள அறை திறந்திருக்கிறது. ஏன் வந்தீர்கள் என்று எவரும் கேட்கமாட்டார்கள். இருட்டும் வரை நாங்கள் இங்கேயே இருப்போம்.